கண்டல் பட்டைச் சாறும் ஒயில் உண்ணும் பற்றீரியாவும்: தாவரச் சேர்வைகள் உயிர்ப்படலத்தை என்ன செய்கின்றன என்று சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வாவியில் நாலைந்து நாள் கிடந்த தோணியைக் கரைக்கு இழுத்துக் கவிழ்க்கும்போது அதன் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். மீனின் வழும்பு மாதிரி ஒன்று விரலில் ஒட்டும். தண்ணீர் ஊற்றினால் மட்டும் போகாது, தேய்க்க வேண்டும். அந்த வழும்புதான் உயிர்ப்படலம். தனித்தனியே நீந்தித் திரிந்த பற்றீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, பல்சக்கரைட்டும் (சீனிகள் கோத்த சங்கிலி) புரதமும் டிஎன்ஏயும் கலந்த ஒரு பசையைச் சுரந்து, அதற்குள்ளேயே குடியிருக்கின்றன.

படகு இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் கரைகளிலும் இதே வழும்பு உண்டு. சேற்றின் மேல் ஒயில் வானவில் நிறத்தில் மினுங்கும். பக்கத்தில் நிற்கும் கண்டல் மரத்தின் தாங்கு வேர்களில் கபில நிறத்தில் படலம் படிந்திருக்கும். அந்தப் படலத்தில் வாழும் பற்றீரியாக்களில் சில டீசலையும் இயந்திர ஒயிலையும் உணவாக்கிக்கொள்ளக் கூடியவை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. நைலோன் வலை வருவதற்கு முன், பருத்தி வலையைக் கண்டல் பட்டை அவித்த சாற்றில் தோய்த்துக் காயவைப்பார்கள். பட்டையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் நூலில் ஏறினால் வலை சீக்கிரம் உக்காது, அதாவது நுண்ணுயிர்கள் அதை இலேசில் தின்னாது. அப்படியானால் அதே தனின் நிறைந்த கண்டல் வேரில் மட்டும் பற்றீரியாக்கள் எப்படிப் படலம் கட்டிக் குடியிருக்கின்றன? தாவரச் சேர்வைகள் மாசு தின்னும் பற்றீரியாக்களைக் கூட்டி ஒட்டவைக்கின்றனவா, விரட்டுகின்றனவா? ஆய்வுகூட வசதியுள்ள எவரும் இதைச் சோதிக்கலாம். மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களின் செயற்றிட்டங்களுக்குக் கைகொடுத்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

இது நம் கரைக்கு அந்நியமான கேள்வி இல்லை. 2020 செப்டம்பர் 3 அன்று, ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெய் (சுத்திகரிக்காத கச்சா எண்ணெய்) ஏற்றிவந்த நியூ டயமண்ட் கப்பல் அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் தீப்பிடித்தது. தாங்கிகளில் இருந்த மசகு எண்ணெய் கசியாததால் தப்பினோம். கசிந்திருந்தால் திருக்கோவிலும் பொத்துவிலும் என்னவாகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம், நம் சேற்றில் உள்ள பற்றீரியாக்களைப் பற்றி நாமே அறிந்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

தொடங்குமுன்: மூன்றையும் பிரித்து வையுங்கள்

வளர்ச்சி வேறு, படலம் வேறு, மாசு சிதைவு வேறு. இந்த வழிகாட்டியில் இருந்து ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதையே வையுங்கள். ஒரு சாறு பற்றீரியாவைப் பெருகவைக்கலாம், படலத்தைக் குறைக்கலாம், ஒயில் சிதைவை ஒன்றும் செய்யாமலும் விடலாம். மூன்றையும் தனித்தனியே அளக்காமல் "இந்தச் செடி நல்லது" என்று எழுதினால் அது வெறும் ஊகம்.

படலம் தடித்தால் சிதைவும் கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கடலில் ஒயில் உண்ணும் அல்கனிவோராக்ஸ் பொர்குமென்சிஸ் பற்றீரியாவை வைத்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில். ஒயிலுக்குப் புதிதாக வந்த கலங்கள் துளியைச் சுற்றித் தடித்த, உருண்டையான படலம் கட்டின. ஒயிலில் சில நாள் பழகிய கலங்களோ மெல்லிய படலம் கட்டி, துளியின் பரப்பையே விரல் விரலாக நீட்டிவிட்டன. பரப்பு கூடியதால் ஒயிலை வேகமாகத் தின்றது அந்த மெல்லிய படலம்தான்.

தாவரச் சேர்வை எந்த வழியாக வேலை செய்கிறது

முதல் வழி உணவு. வேர் கசியவிடும் சீனிகளும் சேதன அமிலங்களும் பற்றீரியாவைக் கூட்டும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. இலேசான சாப்பாடு கிடைத்தால் பற்றீரியா கடினமானதை ஏன் தொடப்போகிறது? ஒயிலில் உள்ள பினாந்திரீன் என்ற வளையச் சேர்வையைச் சிதைக்கும் சூடோமோனாஸ் புற்றிடா இனம் ஒன்றுக்கு வேர்ச்சாறு கொடுத்தபோது அதன் சிதைக்கும் திறன் அமுங்கியதை 2004இல் காட்டினார்கள். கலங்கள் பெருகின, ஆனால் ஒவ்வொரு கலமும் செய்த வேலை குறைந்தது.

இரண்டாவது வழி சைகை. பற்றீரியாக்கள் தம் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதை இரசாயன மூலக்கூறுகளால் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும். தாவரங்கள் இந்தப் பேச்சில் குறுக்கிடுகின்றன. துளசிக் குடும்பத்தில் உள்ள ரோஸ்மரினிக் அமிலம் சூடோமோனாஸ் எருகினோசாவின் சைகையைப் போலவே நடித்து, படலம் கட்டும்படி அதைத் தூண்டுவதாக 2016இல் கண்டார்கள். அவுஸ்திரேலியச் செங்கடற்பாசி டெலீசியா புல்க்ரா இதற்கு நேர் எதிர். அதன் பியுரனோன்கள் என்ற சேர்வைகள் பேச்சைக் குழப்பிப் படலத்தைத் தடுக்கின்றன. கலத்துக்குள்ளே நிலைமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வட்ட இருகுவானிலேற்று என்ற சிறு மூலக்கூறு. அது கூடினால் கலம் ஒட்டும், குறைந்தால் கழன்று நீந்தும்.

மூன்றாவது, சிதைக்கும் நொதியங்களையே நேரடியாக எழுப்புவது. ரொடோகொக்கஸ் எரித்ரோபொலிஸ் இனம் ஒன்றில், வேர் கசியவிடும் பிளேவனோன் என்ற சேர்வை, இருபீனைல் என்ற இரட்டை வளைய மாசைச் சிதைக்கும் பாதையைத் தூண்டுவதாக 2012இல் வந்த ஆய்வு சொல்கிறது. பழைய மின்மாற்றி ஒயிலில் இருந்த குளோரீன் ஏறிய இருபீனைல்களும் அதே பாதையால்தான் சிதைகின்றன. தாவரம் தன் தேவைக்குச் செய்த சேர்வையின் வளைய அமைப்பு, மாசின் வளைய அமைப்பைப் போல இருப்பதே காரணம் என்று கருதப்படுகிறது.

இன்னும் உண்டு. தாவரக் கலச்சுவரின் பெக்டினும் சைலானும் பசில்லஸ் சப்டிலிஸில் படலத்தைத் தூண்டுகின்றன. பற்றீரியா அவற்றைச் சைகையாகவும் பசைக்கான மூலப்பொருளாகவும் எடுத்துக்கொள்கிறது. தனின் இரும்பைப் பிடித்துவைக்கும், புரதத்தை வீழ்படிவாக்கும், பரப்பில் தானே பூச்சாகப் படியும். இந்தக் கடைசி மூன்றும் உங்கள் பரிசோதனையைக் கெடுக்கும் திறமை உள்ளவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

படி 1: சேறு எடுத்தல்

ஒயில் படிந்த கரையில், மேலிருந்து 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குள் எடுங்கள். கறுப்பாக, அழுகிய முட்டை மணத்துடன் இருக்கும் ஆழச் சேற்றில் ஒட்சிசன் இல்லை. இங்கே நமக்கு வேண்டியவை ஒட்சிசனுடன் சிதைப்பவை. கண்டல் வேரில் உள்ள வழும்பைக் கிருமியழித்த பஞ்சுக் குச்சியால் வழித்து எடுங்கள், வேரை வெட்ட வேண்டாம். கையுறை கட்டாயம்.

நீரின் உவர்த்தன்மையை அங்கேயே அளந்து எழுதுங்கள். மாரியில் வாவி நன்னீர்ப் பக்கம் சாயும், கோடையில் உப்பேறும். கார்த்திகையில் எடுத்த பற்றீரியாவையும் ஆவணியில் எடுத்ததையும் ஒரே உப்பில் வளர்த்துவிட்டு வேறுபாட்டைச் செடியின் மேல் போட்டால் தவறாகிவிடும்.

படி 2: ஒயில் உண்பவற்றைப் பிரித்தல்

ஒயிலைத் தவிர வேறு காபன் இல்லாத ஊடகம் தேவை. புஷ்னெல்-ஹாஸ் ஊடகம் இதற்குப் பழக்கமானது. 1 லீற்றருக்கு: மகனீசியம் சல்பேற்று 0.2 கிராம், கல்சியம் குளோரைட்டு 0.02 கிராம், பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 1 கிராம், இருபொற்றாசியம் ஐதரசன் பொசுபேற்று 1 கிராம், அமோனியம் நைத்திரேற்று 1 கிராம், பெரிக் குளோரைட்டு 0.05 கிராம். பிஎச் 7. வாவியின் உவர்த்தன்மைக்கு ஏற்ப உப்புச் சேர்த்து, 121 பாகையில் 15 நிமிடம் கிருமியழியுங்கள்.

100 மில்லிலீற்றரில் 1 கிராம் சேறும், வடிகட்டிக் கிருமி நீக்கிய டீசல் 1 மில்லிலீற்றரும் இட்டு, 30 பாகையில் குலுக்கியில் ஒரு வாரம் விடுங்கள். அதில் 1 மில்லிலீற்றரைப் புதிய ஊடகத்துக்கு மாற்றுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு ஏகார்த் தட்டில் கோடிழுத்துத் தனிக் குடியேற்றங்களைப் பிரியுங்கள்.

ஒயிலை உண்மையிலேயே உண்கிறதா என்று பார்க்க இருகுளோரோபீனோல் இண்டோபீனோல் என்ற நீலச் சாயம் போதும். பற்றீரியா ஒயிலை ஒட்சியேற்றும்போது சாயம் நிறமிழக்கும். ஒயில் இல்லாத குழாயும் பற்றீரியா இல்லாத குழாயும் நீலமாகவே நிற்க வேண்டும். அவற்றிலும் நிறம் போனால் அந்த முடிவை ஏற்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப் பிரிக்கும்போது சூடோமோனாஸ் எருகினோசா போல மனிதரைத் தாக்கக்கூடியவையும் வரும். வீட்டு அடுப்படியில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம். பொறுப்பாளர் ஒருவர் உள்ள ஆய்வுகூடத்தில் மட்டும் செய்யுங்கள்.

படி 3: சாறு தயாரித்தல்

கண்டல் பட்டைக்கு விழுந்து கிடக்கும் கிளைகளைத் தேடுங்கள். அதற்கும் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். நிற்கும் மரத்தின் பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். பட்டை கிடைக்காவிட்டால் கொய்யா இலை, துளசி, வெட்டிவேர் எல்லாம் நல்ல தெரிவுகள்.

நிழலில் உலர்த்தி, அரைத்து, 10 கிராம் தூளை 100 மில்லிலீற்றர் 70 வீத எதனோலில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். எதனோலை 40 பாகைக்கு மேற்படாமல் ஆவியாக்கி, எஞ்சியதை நிறுத்து, டைமெதைல் சல்பொட்சைட்டில் கரையுங்கள். ஊடகத்தில் அந்தக் கரைப்பானின் இறுதி அளவு 0.5 வீதத்தைத் தாண்டக் கூடாது. 0.22 மைக்ரோமீற்றர் வடிகட்டியால் கிருமி நீக்குங்கள். வெப்பத்தால் கிருமியழித்தால் சாறு வேறொன்றாக மாறிவிடும்.

சாற்றுடன் கலிக் அமிலம், குவர்செற்றின், சலிசிலிக் அமிலம் போன்ற தூய சேர்வை ஒன்றையாவது சேர்த்துச் சோதியுங்கள். சாற்றில் நூறு பொருள் இருக்கும். எது வேலை செய்தது என்று அது தனியே சொல்லாது.

படி 4: கொல்லாத அளவைக் கண்டுபிடித்தல்

பற்றீரியா செத்துப்போனால் படலம் குறையத்தான் செய்யும். அதை "படலத் தடுப்பு" என்று எழுதக் கூடாது. சாற்றை இரண்டிரண்டாக ஐதாக்கி, ஒவ்வொன்றிலும் 24 மணி நேர வளர்ச்சியை (ஊடகத்தின் கலங்கலை) 600 நானோமீற்றர் அலைநீள ஒளியில் அளந்து, வளர்ச்சியைத் தொடாத இரண்டு மூன்று அளவுகளைத் தெரிவுசெய்யுங்கள். ஒரே அளவில் சோதிப்பது போதாது. சிறிய அளவில் படலத்தைத் தூண்டிய சேர்வை பெரிய அளவில் அதைக் குலைப்பது அடிக்கடி நடக்கும்.

இந்தக் கட்டத்தில் கண்டல் சாறு உங்களைத் திடுக்கிட வைக்கலாம். புஷ்னெல்-ஹாஸில் விட்ட உடனே ஊடகம் மை போலக் கறுத்துவிடும். பயப்பட வேண்டாம், ஊடகத்தின் பெரிக் இரும்பைத் தனின் பிடித்துக்கொள்கிறது. பழைய காலத்து எழுத்து மை இப்படித்தான் செய்யப்பட்டது. ஆனால் இது கண்ணுக்கு மட்டுமான மாற்றம் இல்லை. பற்றீரியாவுக்கு இரும்பு கிடைக்காமல் போகிறது, இரும்பு குறைந்தால் பல இனங்களில் படலமும் குறையும். ஆகவே கூடுதல் இரும்பு சேர்த்த தொகுதி ஒன்றையும் வையுங்கள். இரும்பு சேர்த்ததும் படலம் திரும்பினால், தனின் செய்த வேலை பட்டினி போட்டதுதான்.

படி 5: ஊதாச் சாயச் சோதனை

1998இல் ஓடூலும் கோல்ட்டரும் சூடோமோனாஸ் புளோரெசென்ஸில் பயன்படுத்தியதால் உலகெங்கும் பரவிய முறை இது. சாயம் கிறிஸ்டல் வயலற். வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்து ஜென்ஷன் வயலற்றின் முக்கிய பொருளும் இதுவே.

96 குழி கொண்ட பொலிஸ்டைரீன் தட்டு எடுங்கள். ஓரிரவு வளர்த்த பற்றீரியாவைப் புதிய ஊடகத்தில் 100 மடங்கு ஐதாக்கி, குழிக்கு 100 மைக்ரோலீற்றர் விடுங்கள். விளிம்புக் குழிகளில் வெறும் கிருமியழித்த நீரை விடுங்கள். நம்மூர் வெக்கையில் விளிம்பு முதலில் வற்றும். வற்றிய குழியில் படலம் தடித்ததுபோலத் தெரியும். மூடி, 30 பாகையில் 24 மணி நேரம், குலுக்காமல் விடுங்கள்.

மறுநாள் முதலில் 600 நானோமீற்றரில் வளர்ச்சியை அளந்துகொள்ளுங்கள். பிறகு தட்டைக் கிருமிநாசினி உள்ள தட்டத்தில் கவிழ்த்து, தண்ணீர்த் தொட்டியில் இரண்டு தரம் மெதுவாக அமிழ்த்திக் கழுவுங்கள். குழாயைத் திறந்து பிடித்தால் படலமும் சேர்ந்து போய்விடும். 0.1 வீதச் சாயம் 125 மைக்ரோலீற்றர் விட்டு 10 முதல் 15 நிமிடம் வைத்து, மூன்று நாலு தரம் கழுவி, கடதாசித் துண்டில் தட்டிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் படம் எடுங்கள். குழிச் சுவரில், தண்ணீரும் காற்றும் சந்தித்த மட்டத்தில் ஊதா வளையம் தெரிந்தால் உங்கள் பற்றீரியா காற்றைத் தேடி அங்கே குடியேறியிருக்கிறது. இலக்கத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அப்புறம் 30 வீத அசற்றிக் அமிலம் 125 மைக்ரோலீற்றரால் சாயத்தைக் கரைத்து, புதிய தட்டுக்கு மாற்றி, 550 நானோமீற்றரில் வாசியுங்கள்.

இனி நான் பட்ட பாடு. உயர்தர மாணவிகள் இருவருடன் கண்டல் பட்டைச் சாற்றைச் சோதித்தோம். சாறு கூடக் கூட ஊதா கூடியது, வரைபு நேர்கோடாக ஏறியது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எனக்கும்தான். கண்டல் தனின் ஒயில் பற்றீரியாவை ஒட்டவைக்கிறது என்று அறிக்கையே எழுதிவிட்டோம். கடைசி நாளில் ஒருத்தி கேட்டாள்: "சேர், பற்றீரியா விடாம சாறை மட்டும் விட்டுச் சாயம் போட்டுப் பாத்தமா?"

பார்க்கவில்லை. அன்று பின்னேரமே பார்த்தோம். பற்றீரியா ஒன்றும் இல்லாத குழிகளும் அதே அளவு ஊதா. தனின் தட்டின் பரப்பில் படிந்து, ஊதாச் சாயத்தைப் பிடித்து வைத்திருந்தது. கிறிஸ்டல் வயலற் ஒரு மூலச் சாயம், அதாவது நேர்மின்னேற்றம் உள்ள சாயம்; பருத்தித் துணியில் இந்த வகைச் சாயங்கள் நிற்பதற்குச் சாயத்தொழிலில் தனினைத்தான் சாயத்தைத் துணியோடு பிடித்துவைக்கும் பொருளாகப் பயன்படுத்தினார்கள். வலைக்குச் சாறேற்றிய மீனவர் கண்டிருந்த ஒட்டுதல் எங்கள் தட்டிலும் நடந்திருக்கிறது. அறிக்கையைக் கிழித்து முதலில் இருந்து தொடங்கினோம்.

ஆகவே உங்கள் தட்டில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்: ஊடகம் மட்டும், ஊடகமும் கரைப்பானும், ஒவ்வொரு அளவிலும் சாறு மட்டும், பற்றீரியா மட்டும், பற்றீரியாவும் கரைப்பானும். ஒவ்வொரு அளவின் வாசிப்பில் இருந்தும் அதே அளவுச் "சாறு மட்டும்" வாசிப்பைக் கழியுங்கள். கழித்ததை வளர்ச்சி வாசிப்பால் வகுத்தால், கலத்தொகைக்கு ஒப்பான படல அளவு கிடைக்கும். சாறு மட்டும் உள்ள குழியே கடும் ஊதாவாக இருந்தால் அந்தச் சாற்றுக்கு இந்த முறை பொருந்தாது. கண்ணாடி வில்லையில் படலம் வளர்த்து, அதைச் சுரண்டிக் கலங்களைக் கலைத்து, ஐதாக்கித் தட்டில் பரப்பிக் குடியேற்றங்களை எண்ணுங்கள். சாயம் செத்த கலத்தையும் பசையையும்கூடப் பிடிக்கும் என்பதால், நான் எந்தச் சாற்றுக்கும் இந்த எண்ணலைக் கேட்பேன்.

குழிகளை ஆறாறாக விடுங்கள். ஆனால் ஆறு குழி ஆறு பரிசோதனை ஆகாது. வேறு வேறு நாளில், வேறு வேறு வளர்ப்பில் இருந்து மூன்று முறை செய்தால்தான் மூன்று.

படி 6: சிதைவை அளத்தல்

டீசல் நம் வெப்பநிலையில் தானாகவே ஆவியாகும், ஆகவே நிறுத்துப் பார்க்கும் சோதனைக்குப் பாவித்த இயந்திர ஒயில் நல்லது. 100 மில்லிலீற்றர் ஊடகத்தில் நிறுத்த 1 கிராம் ஒயில். நாலு தொகுதி: ஒன்றும் விடாதது, சாறு மட்டும், பற்றீரியா மட்டும், இரண்டும். 7ஆம், 14ஆம் நாள்களில் முழுக் குடுவையையும் ஹெக்சேனால் மூன்று தரம் பிரித்தெடுங்கள். சுவரில் ஒட்டிய படலத்துக்குள்ளும் ஒயில் அகப்பட்டிருக்கும். அதை விட்டுவிட்டு நீரை மட்டும் எடுத்தால், சிதையாத ஒயிலைச் சிதைந்ததாக எண்ணிவிடுவீர்கள். நீரற்ற சோடியம் சல்பேற்றால் உலர்த்தி, புகைபோக்கிக் கூட்டுக்குள் ஆவியாக்கி நிறுங்கள். இலை மெழுகும் பச்சையமும் ஹெக்சேனில் வருவதால் "சாறு மட்டும்" தொகுதி இங்கேயும் உங்களைக் காப்பாற்றும்.

கலவையின் சேர்வைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு நிறச்சாரல் கருவியைப் (GC) பயன்படுத்த வாய்ப்புக் கிடைத்தால் டீசலிலேயே செய்யலாம். 17 காபன் நேர்ச்சங்கிலி ஐதரோகாபனைக் கிளைச்சங்கிலியான பிரிஸ்டேனுடனும், 18 காபன் நேர்ச்சங்கிலியை இன்னொரு கிளைச்சங்கிலியான பைற்றேனுடனும் ஒப்பிடுங்கள். இந்தச் சோடிகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஆவியாகும், ஆனால் பற்றீரியா நேர்ச்சங்கிலியை முதலில் தின்னும். விகிதம் இறங்கினால் அது ஆவியானதல்ல, தின்றது.

படி 7: முடிவை வாசித்தல்

படலமும் சிதைவும் சேர்ந்து கூடினால் நல்லது, ஆனால் ஒன்றால்தான் மற்றது என்று அப்போதும் சொல்ல முடியாது. படலம் கூடி, சிதைவு குறைந்தால் பெரும்பாலும் சாறு இலேசான உணவாகிவிட்டது. சாற்றின் சீனியளவுக்குக் குளுக்கோசு கொடுத்து ஒப்பிடுங்கள். படலம் குறைந்து, சிதைவு கூடினால் அதைத் தூக்கி எறியாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த முடிவு அதுதான். கலங்கள் பிளாஸ்ரிக் சுவரை விட்டு ஒயில் துளிக்குப் போயிருக்கலாம். ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, துளியின் விளிம்பில் கலங்கள் வரிசை கட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 8: சட்டியில் சேறு

தட்டில் கண்டது சேற்றில் நடக்கும் என்று நம்ப வேண்டாம். மண் சட்டிகளில் 1 கிலோ சேறும் 10 கிராம் ஒயிலும் கலந்து, சிலவற்றில் வெட்டிவேரோ விழுந்த கண்டல் முளையோ நட்டு, சிலவற்றை வெறுமனே விடுங்கள். காபன், நைதரசன், பொசுபரசு 100:10:1 என்ற அளவுக்குக் கிட்டவாக எல்லாச் சட்டிகளுக்கும் ஒரேயளவு பசளை இடுங்கள். 1989 எக்ஸன் வல்டெஸ் கசிவின் பின் அலாஸ்காக் கரைகளில் பசளை இட்டுத்தான் அங்கிருந்த பற்றீரியாக்களை வேலைசெய்ய வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேரடிச் சேற்றையும் வேர் இல்லாத சேற்றையும் தனித்தனியே எடுத்து எஞ்சிய ஒயிலை அளவிடுங்கள்.

பாவித்த தட்டுகள், ஊடகங்கள், வளர்ப்புகள் எல்லாவற்றையும் 121 பாகையில் கிருமியழித்த பின்னரே அகற்றுங்கள். ஹெக்சேனையும் ஒயிலையும் மூடியுள்ள போத்தலில் சேர்த்து ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். நீங்கள் பிரித்த பற்றீரியா எவ்வளவு நன்றாக ஒயிலைத் தின்றாலும், பெருக்கிய வளர்ப்பை வாவிக்குள் ஊற்ற வேண்டாம்.